50 ஹெர்ட்ஸ் ஊரில் வீடியோ எடுப்பது

கல்யாண மண்டபத்தில் எடுத்த வீடியோவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மணமேடைக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவரில் மங்கலான பட்டைகள் மெதுவாக மேலும் கீழும் நகர்ந்துகொண்டிருக்கும். சில வீடியோக்களில் பட்டை தெரியாது. படம் முழுக்கவே லேசாகப் படபடக்கும். கேமரா பழுது என்று சிலர் நினைப்பார்கள், லென்ஸ் சரியில்லை என்று சிலர். பெரும்பாலும் இரண்டும் காரணம் இல்லை. ஷட்டர் ஸ்பீடு நம் ஊர் மின்சாரத்தோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

வீடியோ செட்டிங் என்றதும் பலரும் 4கே, லாக், விலை உயர்ந்த லென்ஸ் என்று பேச ஆரம்பிப்பார்கள். நான் மின்சாரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். எடுக்கப்போகிற இடத்தில் என்ன மின்சாரம் ஓடுகிறது, எப்படிப்பட்ட வெயில் அடிக்கிறது, யாருடைய முகத்தை எடுக்கப்போகிறோம்: இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் கேமராவில் வைக்க வேண்டிய எண்களில் முக்கால்வாசி தாமாகவே முடிவாகிவிடும். பெட்டியைப் பிரித்ததும் கேமராவுக்குள் இருக்கிற எண்கள் வேறு யாருக்காகவோ, வேறு ஏதோ ஊருக்காக வைத்தவையாக இருக்கலாம். அவற்றை நம் ஊருக்கு மாற்றிக்கொள்வதுதான் முதல் வேலை.

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உச்சத்தைத் தொட்டு இறங்குவதால், சோக் வைத்த பழைய டியூப் லைட் நொடிக்கு 100 முறை பிரகாசமாகி மங்குகிறது. மலிவான எல்இடி பல்புகள் பலவற்றிலும் இதே நிலைதான். நம் கண் அதைக் கவனிப்பதில்லை. கேமராவோ, போனோ, அதிலிருக்கும் சென்சார் பெரும்பாலும் படத்தை மொத்தமாக ஒரே கணத்தில் எடுப்பதில்லை. வரி வரியாக மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போகிறது. விளக்கு பிரகாசமாக இருந்த கணத்தில் படித்த வரிகள் வெளிச்சமாகவும், மங்கிய கணத்தில் படித்தவை இருட்டாகவும் பதிவாகும். அதுதான் சுவரில் நகரும் பட்டை.

இதற்குத் தீர்வு எளிது. விளக்கின் ஒரு துடிப்பு 1/100 நொடி. ஷட்டர் 1/100 என்று இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுசாக ஒரு துடிப்பு கிடைக்கும். 1/50 என்றால் இரண்டு துடிப்பு. எந்தக் கணத்தில் தொடங்கினாலும் எல்லா வரிக்கும் ஒரே அளவு வெளிச்சம், பட்டை இல்லை. 1/60 வைத்தால் ஒன்றே முக்கால் துடிப்புக்குச் சற்றுக் குறைவாக, கணக்கு ஒட்டாமல் நிற்கும், பட்டை வரும். ஆகவே விளக்கு வெளிச்சத்தில் எடுக்கும்போது நம் ஊரில் ஷட்டருக்கு இரண்டே எண்: 1/50 அல்லது 1/100. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவிலும் இதே எண்கள்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருப்பவர்களுக்கு மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அவர்கள் 1/60 அல்லது 1/120 வைக்க வேண்டும்.

கேமராக்களில் பெரும்பகுதியைத் தந்த ஜப்பானிலேயே இரண்டு வகை மின்சாரமும் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியமான விஷயம். டோக்கியோ இருக்கும் கிழக்குப் பகுதி 50 ஹெர்ட்ஸ், ஒசாகா இருக்கும் மேற்குப் பகுதி 60. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டர்களையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர்களையும் வாங்கியதால் வந்த பிரிவு அது, இன்றுவரை தொடர்கிறது. டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குப் போகிற ஒளிப்பதிவாளர் ஷட்டர் எண்ணை மாற்றியாக வேண்டும்.

கேமரா மெனுவில் என்டிஎஸ்சி, பால் என்று இரண்டு சொற்களைப் பார்த்திருப்பீர்கள். பழைய தொலைக்காட்சி முறைகளின் பெயர்கள். என்டிஎஸ்சி பக்கம் 30, 60, 120 ஃப்ரேம். பால் பக்கம் 25, 50, 100 ஃப்ரேம். பால் முறை 50 ஹெர்ட்ஸ் நாடுகளை ஒட்டி வளர்ந்தது என்பதால் அந்த எண்கள் நம் விளக்குகளோடு இயல்பாகவே பொருந்தும். சில கேமராக்களில் இதை மாற்றினால் மெமரி கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்லும், அதனால் நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே மாற்றிவிடுங்கள்.

பால் வைப்பதன் முழுப் பலன் ஸ்லோ மோஷனில்தான் தெரியும். அட்சதை தூவுகிற காட்சியை மெதுவாகக் காட்ட ஆசைப்பட்டு 120 ஃப்ரேமில் எடுத்தால், ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் அதிகபட்ச நேரமே 1/120 நொடி. விளக்கின் ஒரு துடிப்பைக்கூட அது முழுதாகப் பிடிக்காது. படம் படபடக்கத்தான் செய்யும். 100 ஃப்ரேமில் 1/100 ஷட்டரோடு எடுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு முழுத் துடிப்பு. அதை 25 ஃப்ரேம் டைம்லைனில் போட்டால் நாலு மடங்கு மெதுவாக, படபடப்பே இல்லாமல் அரிசி காற்றில் மிதந்து இறங்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் 25 ஃப்ரேமிலேயே எடுக்க வேண்டுமா? இங்கே என் பழக்கத்தைச் சொல்கிறேன். கல்யாணம், கச்சேரி, நேர்காணல் என்று உட்கார்ந்து பார்க்கிற நீள வீடியோவுக்கு 25. போனிலேயே பார்த்து முடிக்கிற ஒரு நிமிட வீடியோவுக்கு 30. பல போன் திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. 30 அதில் சமமாகப் பொருந்துகிறது, 25 பொருந்தாமல் கேமரா திரும்பும் காட்சிகளில் லேசாகத் துள்ளும். 30 ஃப்ரேமில் எடுத்தாலும் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்திவிட்டால் பட்டை வராது. ஃப்ரேம் எண்ணைவிட இந்த ஷட்டர் எண்தான் பட்டையைத் தீர்மானிக்கிறது.

24 ஃப்ரேம் மேல் பலருக்கு ஒரு மோகம் உண்டு. பேசும் படம் வந்த 1920களின் கடைசியில், ஒலித்தடம் ஒரே சீரான வேகத்தில் ஓட வேண்டியிருந்ததால் சினிமா 24இல் நிலைத்தது. நம் கண் அதைச் சினிமாவோடு சேர்த்தே பழகிவிட்டது. 24க்கும் 25க்கும் வித்தியாசம் வெறும் 4 சதவீதம். பார்த்துச் சொல்லிவிட முடியாது. 24தான் வேண்டும் என்றால் தாராளமாக வையுங்கள், ஷட்டர் மட்டும் 1/50இல் இருக்கட்டும்.

போனில் எடுப்பவர்கள் இதையெல்லாம் விட்டுவிட வேண்டியதில்லை. ஐபோனில் கேமரா செட்டிங்கின் வீடியோ பகுதியில் பால் வடிவங்களைக் காட்டும்படி ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் 25 ஃப்ரேம் தோன்றும். சாம்சங்கின் பல மாடல்களில் புரோ வீடியோ என்ற முறையில் ஷட்டரை நிறுத்தலாம். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச செயலி ஐபோனுக்கு 2023இலும் ஆண்ட்ராய்டுக்கு 2024இலும் வந்தது. ஷட்டர், ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் கையால் நிறுத்த எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல வழி இல்லை. கூடவே ஒன்று: போன் இருட்டில் தானாகவே ஃப்ரேம் எண்ணைக் குறைத்துக்கொள்ளும் ஆட்டோ வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். ஃப்ரேம் எண் நடுவில் மாறினால் தனியாகப் பதிவு செய்த ஒலி எடிட்டிங்கில் உதட்டோடு ஒட்டாமல் விலகிப்போகக்கூடும்.

மண்டபத்தை விட்டு வெளியே வந்தால் வெயில்.

ஃப்ரேம் நேரத்தில் பாதிக்கு ஷட்டர் திறந்திருக்க வேண்டும் என்பது பழைய ஃபிலிம் கேமராக்காரர்களின் கணக்கு. அந்தக் கேமராக்களில் ஷட்டர் என்பது சுழலும் வட்டத் தகடு. அதில் அரைவட்டம் வெட்டியிருக்கும். அதனால்தான் 180 டிகிரி என்கிறார்கள். 25 ஃப்ரேமுக்கு 1/50. அசைகிற பொருள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் கொஞ்சம் இழுபட்டுப் பதிவாகும், அந்த இழுபடல்தான் ஒரு ஃப்ரேமை அடுத்ததோடு இணைத்துக் காட்டுகிறது. சிலம்பம் சுற்றுகிறவரை 1/50இல் எடுத்துப் பாருங்கள், கம்பு ஒரு விசிறியாக விரியும். அதையே 1/2000இல் எடுத்தால் கம்பு இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று வெட்டி வெட்டி நிற்கும், சுற்றுகிற வேகமே காணாமல் போய்விடும். வேண்டுமென்றே இப்படி எடுக்கிறவர்களும் உண்டு. 1998இல் வந்த ‘சேவிங் பிரைவேட் ரயன்’ படத்தின் போர்க் காட்சிகளில் ஷட்டர் கோணத்தைக் குறுக்கித்தான் அந்த நடுக்கத்தைக் கொண்டுவந்தார்கள். காது குத்து விழாவுக்கு அது தேவையில்லை.

சிக்கல் என்னவென்றால், நம் ஊர் உச்சி வெயிலில் 1/50 மிக அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப் 16, ஷட்டர் 1/100 என்றால் படம் சரியாக வரும் என்பது பழைய விதி. பின்னணி கொஞ்சம் மங்கலாக இருக்கட்டும் என்று எஃப் 2.8 வைக்கிறீர்கள், 5 ஸ்டாப் கூடுகிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). ஷட்டரை 1/50 ஆக்குகிறீர்கள், இன்னும் ஒன்று. மொத்தம் 6 ஸ்டாப், அதாவது 64 மடங்கு வெளிச்சம் அதிகம். ஷட்டரை ஆட்டோவில் விட்டால் கேமரா அதை 1/3200க்குக் கொண்டுபோய்விடும். மெரினாவில் எடுத்த வீடியோக்களில் அலைத்துளிகள் முள் முள்ளாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

இந்த 64 மடங்கையும் லென்ஸுக்கு முன்னால் வைத்துத் தடுக்கிற கறுப்புக் கண்ணாடிதான் என்டி ஃபில்டர். அந்தக் கணக்குக்கு என்டி 64. பின்னணி எல்லாமே தெளிவாகத் தெரியட்டும் என்று எஃப் 8 வைத்தால் 3 ஸ்டாப் தடுத்தால் போதும், என்டி 8. திருகித் திருகி அடர்த்தியை மாற்றும் வேரியபிள் என்டியும் கிடைக்கிறது. வசதிதான், ஆனால் அகலமான லென்ஸில் கடைசி வரை திருகினால் வானத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு இருட்டு விழும், அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். ஒரு லென்ஸ் வாங்கும் காசு கையில் இருந்து எதை வாங்குவது என்று யோசிப்பவர்களுக்கு என் சிபாரிசு: முதலில் நல்ல என்டி, பிறகு லென்ஸ். போனுக்கும் கிளிப் போட்டு மாட்டுகிற என்டி இருக்கிறது. பெரும்பாலான போன்களில் அபெர்ச்சரை மாற்ற வழி கிடையாது என்பதால் வெயிலில் ஷட்டரை அடக்க அது ஒன்றுதான் துணை.

கத்திரி வெயிலில் கேமரா சூடாகி அணைந்துபோவதும் உண்டு. 4கேயில் 60 ஃப்ரேம் எடுப்பதைவிட 25 எடுத்தால் சூடு குறையும். திரையைக் கேமராவின் உடம்பிலிருந்து விலக்கித் திருப்பி வையுங்கள். சோனி கேமராக்கள் பலவற்றில் எந்தச் சூட்டில் அணைய வேண்டும் என்ற தேர்வு இருக்கும். அதை உயர்வில் வைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

இனி முகம். எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேமராவின் ஆட்டோ எக்ஸ்போஷர், படத்தில் உள்ள எல்லா வெளிச்சத்தையும் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறார். படத்தில் பாதி வெள்ளை. கேமரா வெளிச்சம் அதிகம் என்று முடிவு செய்து குறைத்துவிடும், அவர் முகம் இருட்டில் போய்விடும். அவருக்குப் பின்னால் கருநீலத் திரை கட்டியிருந்தால் நேர்மாறாக நடக்கும்: கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், வேட்டி மடிப்பே தெரியாத வெள்ளைத் திட்டாகும், முகம் வெளிறும். யாராவது குறுக்கே நடந்தால் இரண்டுக்கும் நடுவில் படம் ஏறி ஏறி இறங்கும். ஆகவே எக்ஸ்போஷர் கண்டிப்பாக மேனுவல்.

மேனுவலில் எந்த அளவு சரி என்று பார்க்க ஜீப்ரா என்ற வசதி இருக்கிறது. நாம் குறிப்பிட்ட வெளிச்ச அளவைத் தொட்ட இடங்களில் திரையில் வரிக்கோடுகள் ஓடும். முகத்துக்கு ஜீப்ரா 70 வையுங்கள் என்று பல பாடங்களில் சொல்வார்கள். அந்த 70 வெள்ளைக்காரர்களின் தோலுக்கான அளவு. நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அது பொருந்தாது. கறுத்த முகத்தை 70 வரை ஏற்றினால் சாம்பல் பூசியதுபோல் வெளிறிப்போய், கன்னத்தின் வளைவும் நெற்றிச் சுருக்கமும் காணாமல் போகும். மாநிறத்துக்கு 55 அளவிலும் நல்ல கறுப்புக்கு 45 அளவிலும் வைத்து, முகத்தில் வெளிச்சம் விழுகிற பக்கம் அந்தக் கோடுகள் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பாருங்கள். முகம் முகமாக இருக்கும்.

கேமரா உலகம் வெள்ளைத் தோலை அளவுகோலாக வைத்ததற்கு ஒரு வரலாறே இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் போடும் லேப்களுக்கு கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். ஷர்லி கார்டு என்று பெயர். அதிலிருந்த வெள்ளைக்காரப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் வண்ணம் சரி என்று அர்த்தம். பல நிறப் பெண்கள் சேர்ந்திருக்கும் கார்டு 1990களில்தான் வந்தது. அதுவரை எத்தனையோ குடும்பங்களின் படங்களில் கறுத்த முகங்கள் வெறும் பல்லும் கண்ணுமாகப் பதிவாகியிருக்கின்றன. இன்று சென்சார் மாறிவிட்டது, எந்த நிறத்தையும் அப்படியே பிடிக்கும். நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மண்டபங்களில் இன்னொரு பழக்கம், கேமரா மேலேயே ஒரு எல்இடி விளக்கை மாட்டி நேராக முகத்தில் அடிப்பது. மணப்பெண்ணை ‘கலராக’ காட்டுவதற்காம். எனக்கு இது கொஞ்சமும் பிடிப்பதில்லை. நேர் வெளிச்சத்தில் முகம் தட்டையாகிறது, வியர்வை மட்டும் மின்னுகிறது. அதே விளக்கை ஒரு ஸ்டாண்டில் பக்கவாட்டில் வைத்து, முன்னால் வெள்ளைத் துணியோ சாஃப்ட்பாக்ஸோ கட்டுங்கள். அகலமான வெளிச்சம் கறுத்த கன்னத்தின் மேல் பளபளப்பாக வழுக்கிப் போகும். முகத்துக்கு உருவம் கொடுப்பது அந்தப் பளபளப்புதான். போனில் தோலை வழவழப்பாக்கும், வெளுப்பாக்கும் வசதிகள் எல்லாவற்றையும் அணையுங்கள். தாத்தாவை நேரில் பார்க்காத பேரனுக்கு ஒருநாள் அந்த வீடியோவில் இருப்பதுதான் தாத்தாவின் முகம். அதில் அவர் நிறம் அவர் நிறமாகவே இருக்கட்டும்.

பட்டுப்புடவையின் ஜரிகையும் நகையும் புள்ளி புள்ளியாக வெளிச்சம் மீறினால் கவலை வேண்டாம், அது மின்னலாகவே தெரியும். வேட்டி மடிப்பு மட்டும் மறையக்கூடாது.

முகத்தின் நிறத்தைக் கெடுக்கிற அடுத்த எதிரி ஆட்டோ ஒயிட் பேலன்ஸ். மண்டபத்துக்குள் பல நிற வெளிச்சம் கலந்திருக்கும். டியூப் லைட் பெரும்பாலும் 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. மேடை விளக்கு 3000 அளவில் மஞ்சள். வீடியோக்காரரின் விளக்கு 5600. குத்துவிளக்குச் சுடர் ஏறத்தாழ 1900. கேமராவைத் திருப்பும்போதெல்லாம் ஆட்டோ இவற்றுக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், ஒரே காட்சியில் மணப்பெண் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறுவார். எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. முகத்தில் விழும் முக்கிய வெளிச்சம் எது என்று பார்த்து, கெல்வினில் அந்த எண்ணை வைத்து, அப்படியே விட்டுவிடுங்கள். அதிகாலை முகூர்த்தத்தில் வாசல் வழியே பகல் வெளிச்சம் ஏறிக்கொண்டே வரும். அப்போதும் ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் இடையில் மாற்றுங்கள், ஷாட்டுக்குள் மாற்றாதீர்கள். விளக்கேற்றும் காட்சியில் சுடருக்காக 2000க்கு இறங்க வேண்டாம். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால்தான் அது விளக்கு வெளிச்சம். 4000 சுற்றி வைத்தால் சுடர் பொன்னிறமாக நிற்கும்.

ஐஎஸ்ஓ பற்றி ஒரே வார்த்தை: பயப்படாதீர்கள். இருட்டாக எடுத்துவிட்டு எடிட்டிங்கில் ஏற்றினால் வருகிற புள்ளிகள், முதலிலேயே 3200 வைத்துச் சரியான வெளிச்சத்தில் எடுத்தால் வருகிற புள்ளிகளைவிட மோசம்.

லாக் எப்போது? உங்கள் கேமரா 10 பிட் பதிவு செய்தால் மட்டும். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024. லாக் என்பது வெயிலையும் நிழலையும் சேர்த்து அந்தப் படிகளுக்குள் நெருக்கி அடைப்பது. எடிட்டிங்கில் திரும்ப விரிக்கும்போது 256 படி போதாமல் மாலை வானம் வளையம் வளையமாகப் பிரியும். 8 பிட் கேமரா என்றால் சாதாரண புரொஃபைலில் கான்ட்ராஸ்டையும் ஷார்ப்னஸையும் இரண்டிரண்டு படி குறைத்து எடுங்கள், அருமையாக வரும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். சோனியின் எஸ்-லாக்3 பல மாடல்களில் ஐஎஸ்ஓ 500, 640 அல்லது 800இல்தான் தொடங்கும். 800 என்றால் மேலே போட்ட வெயில் கணக்கில் இன்னும் 3 ஸ்டாப் கூடி 9 ஆகிவிடும். என்டி இல்லாமல் வெயிலில் லாக் எடுப்பது வீண்.

4கேயில் எடுங்கள், ஆனால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எச்டியைவிட நாலு மடங்கு புள்ளிகள், எடிட்டிங்கில் வெட்டி நெருங்கிப்போக வசதி. யூடியூப் எப்படியும் மறுபடி சுருக்கத்தான் போகிறது. ஏற்றுவதற்கு அவர்கள் பரிந்துரைப்பது எச்டிக்கு 8 எம்பிபிஎஸ், 4கேக்கு 35 முதல் 45. கேமராவில் 100 எம்பிபிஎஸ் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும், 128 ஜிபி கார்டு இரண்டே முக்கால் மணி நேரம் தாங்கும். வி30 என்று குறித்த கார்டு இதற்குத் தாராளமாகப் போதும். ஒலியில் ஆட்டோ கெயினை அணைத்து, மேளம் உச்சத்தில் முழங்கும்போதும் மீட்டர் மைனஸ் 12ஐ ஒட்டி நிற்கும்படி வையுங்கள். கெட்டிமேளம் திடீரென்று எழும், அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும்.

இந்த எண்களை எல்லாம் முகூர்த்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. முந்தைய நாள் மாலை வரவேற்பு நடக்கும், அதே மண்டபம், பெரும்பாலும் அதே விளக்குகள். பந்தி நடக்கும் நேரத்தில் மேடைக்குப் போய், 25 ஃப்ரேம், 1/50 வைத்து ஒவ்வொரு விளக்கின் பக்கமும் திரும்பிப் பத்து விநாடி எடுங்கள். போனுக்கு மாற்றிப் பெரிதாக்கிப் பாருங்கள். டிம்மர் வைத்த எல்இடியும் சீரியல் செட்டும் மின்சாரக் கணக்குக்குள் அடங்காமல் வேறு வேகத்தில் துடிக்கும். அங்கே பட்டை தெரியலாம். ஷட்டரை 50.1, 50.2 என்று நுணுக்கமாக நகர்த்தும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் முயன்று பாருங்கள். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தால் அதை ஃபோகஸிலிருந்து தள்ளி வைக்க மணமக்களைச் சற்று முன்னால் உட்கார வைக்கச் சொல்லுங்கள். எதற்கும் அடங்காத விளக்கு ஒன்று மிஞ்சினால் மண்டபத்து எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் காட்டுங்கள். டிம்மரை முழுசாக ஏற்றினாலே பல நேரம் படபடப்பு நின்றுவிடும். நிற்காவிட்டால் காலையில் அந்த ஒரு சுவிட்சைப் போடாமல் விடச் சொல்லலாம். சரியான எண்களைக் கேமராவின் கஸ்டம் டயலில் 1இல் மண்டபம், 2இல் வெயில், 3இல் 100 ஃப்ரேம் ஸ்லோ மோஷன் என்று சேமித்துவிட்டு, பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டுப் பந்திக்குப் போங்கள்.